குரங்குப் புத்தகத்தில் முப்பது சிரிப்பு

"முப்பது நாளுமா? ஏன்யா, முப்பது நாளும்..."

"நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"ஞாயித்துக்கெழம கூட சந்தோஷம்னு போட்டு வச்சிருக்க!"

"ஞாயித்துக்கெழம லீவுதான? லீவு நாள்ல எந்தப் புள்ள அழுவும்?"

"இன்னும் வராத ஞாயித்துக்கெழமய்யா அது! வராத நாளுக்கு நீ எப்டி..."

"வந்தா அப்டித்தான் இருக்கப் போவுது. முன்கூட்டியே போட்டு வச்சா வேல மிச்சம்."

ஜெயசுதா கையிலிருந்த புத்தகத்தால் புருஷனின் தோளில் ஒரு போடு போட்டாள். மெல்லிய புத்தகம்தான். அட்டையில் குடை பிடித்த குரங்கு ஒன்று நின்றது. அடித்த வேகத்தில் குரங்கின் குடை மடங்கிப் போயிற்று.

"புக்க கசக்காதடி. லேமினேஷன் போட்டிருக்கேன்."

"அட்டைக்கு லேமினேஷன் போட்ட. உள்ள இருக்கற புள்ளைக்கு?"

பிரிட்டோ ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கத் தொடங்கினான்.

செலியமேடு பஸ் நிறுத்தத்தை ஒட்டி அவன் கடை. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம், காதுகுத்துக்குப் பத்திரிகை, செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கேதான். ஆனால் கடையை நிமிர்த்தி நிறுத்தியது பள்ளிக்கூடத்து பிராஜெக்ட். மிஸ் பிள்ளைக்குக் கொடுக்கும் வேலை, பிள்ளையிடமிருந்து தாய்க்குப் போய், தாயிடமிருந்து பிரிட்டோவுக்கு வந்து சேரும். காலையில் சொன்னால் சாயங்காலம் சூரியக் குடும்பமே தயார். ஒரு வருஷம் அவன் கம்ப்யூட்டரில் வியாழன் விட்டுப் போய்விட்டது. அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் யாருக்குமே வியாழன் இல்லை. யாரும் தேடவும் இல்லை.

இரண்டு வாரம் முன்பு இந்தக் குரங்குப் புத்தகம் வந்தது. நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரு வெறும் வட்டம். இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அப்படி ஒரு முகத்தைக் குழந்தை அந்த வட்டத்தில் வரைய வேண்டும். கீழே ஒரு கேள்வி. அதற்கும் குழந்தையே பதில் எழுத வேண்டும். குழந்தைகளின் மனசைப் பெற்றோர் தெரிந்துகொள்ள உதவும் புத்தகம் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. பின்னட்டையை யார் படிக்கிறார்கள்? இரண்டே நாளில் பிரிட்டோ கடையில் வரிசை நின்றது.

முதலில் வந்தவர் சிங்காரவேலு. ஏரிக்கரைப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர்.

"எம்புள்ள அரிகரனுக்கு எல்லாம் சந்தோஷமா போட்டுடு பிரிட்டோ."

"ஒரு நாள் ரெண்டு நாள் சோகம் வேணாமா அண்ணே? பார்க்க நெசமா இருக்கும்."

"அவனுக்கு இன்னா கொற? சோகம்லாம் எங்க வூட்ல கெடையாது."

அடுத்து ஆண்டாள். அவளுக்கு வேறு கவலை. "சிங்காரவேலு வூட்டுப் புள்ளைக்கு எத்தன கலர்ல போட்ட? அதுக்கு ஒரு கலர் கூட போடு."

இப்படியே மஞ்சள் மூஞ்சிகளாக அச்சடித்து, வட்டத்துக்கு ஒன்றாக ஒட்டி, பதில்களையும் அழகான எழுத்தில் பிரிண்ட் போட்டு ஒட்டி, ஊர்ப் பிள்ளைகளின் ஒரு மாத மனசை பிரிட்டோ பத்தே நாளில் முடித்துக் கொடுத்தான். அதோடு அதாக, தன் மகள் சுவேதாவின் புத்தகத்தையும் முடித்தான். நேற்று சாயங்காலம் அது திரும்பி வந்தது, உள்ளே ஒரு துண்டுச் சீட்டோடு.

"மிஸ் இன்னா எழுதியிருக்காங்கன்னு சத்தமா படி," என்றாள் ஜெயசுதா. அதற்காகவே அவள் கிருமாம்பாக்கம் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள்.

"‘சுவேதாவின் அம்மாவும் அப்பாவும் நாளை மதியம் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு வரவும். அப்பா கட்டாயம் வரவும்.’"

"கட்டாயத்துக்குக் கீழ?"

"ரெண்டு கோடு."

"ஏன் ரெண்டு கோடு?"

"இங்க் அதிகமா இருந்திருக்கும்."

"யோவ்!" ஜெயசுதாவின் குரல் சட்டென்று இறங்கியது. "ஆறு வாரமாவுதுய்யா. ஆறு வாரமா எம்பொண்ணு கிளாஸ்ல வாயத் தொறக்கல. பேர் கூப்ட்டா கையத்தான் தூக்குறாளாம். வாயால வராதது பென்சில்ல வரும்னு நெனச்சுத்தான் மிஸ் இந்த புக்க குடுத்தாங்க. இவளுக்கு மட்டும் குடுத்தா அதுக்கும் ஊர்ல ஒரு பேரு வப்பீங்கன்னு கிளாஸுக்கே குடுத்தாங்க. அந்தப் பென்சிலயும் நீ புடுங்கிகினா எப்டி?"

"எம்பொண்ணு புக்கு மட்டும் காலியா போனா இன்னா நெனப்பாங்க சுதா? ஊருக்கே போட்டுக் குடுக்கறவன்..."

"காலியா இருந்துச்சா? பாத்தியா நீ?"

பிரிட்டோ மறுபடி மெஷினைத் துடைத்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

ஆறு வாரம் முன்பு ஆண்டு விழா. சுவேதாவுக்கு எட்டு வயது. அன்றைக்குப் பிறகு வீட்டில் அம்மாவிடம் பேசுவாள். ஆட்டுக்குட்டியிடம் இன்னும் நிறையப் பேசுவாள். அப்பாவிடம் மட்டும் ‘ம்’, ‘ம்ஹும்’ இரண்டும்தான். பிரிட்டோ அதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான். "எம்பொண்ணு ரேஷன்ல பேசறா" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

மதியம் இருவரும் பள்ளிக்கூடம் போனபோது பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளா மிஸ் வகுப்பறையில் இருந்தாள். பாகூர்க்காரி. அவள் மகனின் காதுகுத்துப் பத்திரிகையும் பிரிட்டோ அடித்துக் கொடுத்ததுதான்.

"ஒக்காருங்க அண்ணே. பெரியவங்க நாற்காலி இல்ல, பிள்ளைங்க பெஞ்சுதான்."

பிரிட்டோ உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. ஜெயசுதா சுவரோரம் நின்றுகொண்டாள். மிஸ் மேஜை மேல் ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். குரங்கின் மேல் குரங்காக அடுக்கி இருந்தது.

"இருபத்தெட்டு புக்கு குடுத்தேன். இருபத்தாறு திரும்பி வந்திருக்குது. ஒண்ணு தொலஞ்சு போச்சாம். ஒண்ண ஆடு தின்னுடுச்சாம்."

"பாக்கி இருபத்தாறும் நம்ம கடைதான் மிஸ்." பெருமை அவனையும் மீறி வாயிலிருந்து வந்துவிட்டது.

"தெரியுது. நான் அந்த ஆட்டுக்குத்தான் ஸ்டார் போடலாம்னு இருக்கேன்."

ஜெயசுதா சிரிப்பை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒம்பதாம் பக்கம்," என்று மிஸ் மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்தாள். "‘உன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் உனக்கு எப்படி இருக்கும்?’ அரிகரன் எழுதியிருக்கான்: ‘நானும் சேர்ந்து மகிழ்ச்சியாகச் சிரிப்பேன்.’" அடுத்த புத்தகம். "‘நானும் சேர்ந்து மகிழ்ச்சியாகச் சிரிப்பேன்.’" அடுத்தது. "‘நானும் சேர்ந்து...’ ஏன் அண்ணே, ஆளுக்கு ஆளு கொஞ்சம் மாத்தக் கூடாதா?"

"ஆண்டாள் புள்ளைக்கு மட்டும் ‘மிகவும்’ சேத்திருக்கேன் மிஸ். கேட்டு வாங்கிகினு போனாங்க."

"வர்ற புதன்கெழம சுவேதா சந்தோஷமா இருப்பான்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நல்லதயே நெனப்போம்னுதான் மிஸ்..."

மிஸ் சிரிக்கவில்லை. அரிகரனின் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தாள். "உங்க பொண்ணோடத நேத்து உங்களுக்கு அனுப்பிச்சேன். கொண்டாந்தீங்களா? குடுங்க. இப்ப இத அரிகரன் புக்கோட வச்சுப் பாருங்க. எல்லாருக்கும் வட்டத்துக்குள்ள அளவா ஒட்டியிருக்கீங்க. சுவேதாவுக்கு மட்டும் மொத பத்துப் பக்கம் பெரிய மூஞ்சி. வட்டத்தத் தாண்டி ஒட்டியிருக்குது. ஏன்?"

"அது... பென்சில்ல ஏதோ கிறுக்கி வச்சிருந்துச்சு மிஸ். ரப்பர் போட்டா பேப்பரு கிழிஞ்சுடும். அதான் பெரிய சைஸா அடிச்சு, நீட்டா மறச்சுட்டேன்."

"இன்னா கிறுக்கியிருந்தா?"

"பாக்கல."

"அப்ப பாருங்க. உங்க ஸ்டிக்கர நீங்களே உரிங்க. நான் உரிச்சா கிழிச்சிடுவேன்."

ஸ்டிக்கர் உரிப்பது அவனுக்குக் கைவந்த வேலை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, வாயால் சூடாக ஊதி, இழுக்காமல் சுருட்டினான். மஞ்சள் சிரிப்பு முழுசாக வந்தது.

அடியில் பென்சில் கோடுகள். ஒரு மைக். மைக் முன்னால் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண். கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் மட்டும் இல்லை.

"அடுத்தது," என்றாள் மிஸ்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு போன். போனுக்குள் அதே ரெட்டை ஜடை. போனைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம். பிரிட்டோவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பற்கள்.

மூன்றாம் பக்கத்தில் எட்டு போன், எட்டுக்கும் பல். நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு போன். வட்டம் பூராவும் அதுதான். அந்த போனுக்கு மீசை இருந்தது. வலது பக்கம் கொஞ்சம் தூக்கிய மீசை.

பிரிட்டோவின் கை தன் மீசைக்குப் போயிற்று. பாதியிலேயே அதை இறக்கிவிட்டான்.

"நல்லா வரைஞ்சிருக்கா," என்றான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஆண்டு விழா அன்னிக்கி நான் மேடைக்குப் பின்னால புள்ளைங்களுக்கு டிரஸ் மாட்டிகினு இருந்தேன்," என்றாள் மிஸ். "முன்னால இன்னா நடந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுங்க."

"நான் சொல்றேன்," என்று ஜெயசுதா சுவரை விட்டு வந்தாள். "‘எங்கள் ஊர் ஏரி’ன்னு பேச்சு. எழுதிக் குடுத்தது இவுரு. ஒரு பக்கம் முழுக்க ‘மாண்புமிகு’ ‘மதிப்பிற்குரிய’. பெரியவங்களுக்கே மூச்சு வாங்கும். மூணாவது வரியில புள்ள நின்னுட்டா. மொத வரிசையில ஒக்காந்து போன்ல வீடியோ புடிச்சிகினு இருந்தவுரு, ‘ஏய், சுச்சு ஆப் ஆயிடுச்சு பாரு’ன்னு கத்துனாரு. பந்தலே சிரிச்சுது."

"பாசமாத்தான் சொன்னேன் மிஸ்!"

"அவள ஒரு வார்த்த கேக்காம அத அப்டியே ஸ்டேட்டஸ்ல போட்டாரு."

"ஒரு நாள்தான். மறுநாள் தானா போயிடும் அது."

"போன்லேந்து போச்சு. ஊர்லேந்து போவலயே? பால்காரர்லேந்து பஸ் கண்டக்டர் வரிக்கும் ‘இன்னாடி சுச்சாப்பு’ன்னுதான கூப்புடுறாங்க?"

"கூப்ட்டா இன்னா? என்னயெல்லாம் எங்கப்பா ‘பூசணி’ன்னுதான் கூப்புடுவாரு மிஸ். நடு ரோட்ல, பொண்ணுங்க எதிர்ல. நான் இன்னா வாய மூடிகினா போனேன்?"

"மூடல. அதத்தான் தெனமும் கேக்கறோமே," என்றாள் மிஸ். பிறகு, கணக்குக் கேட்கிற மாதிரி சாதாரணமாக, "அப்டிக் கூப்ட்டப்ப நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"நானும் சேந்து சிரிப்பேன்."

"மகிழ்ச்சியாகவா?"

பிரிட்டோ வாயைத் திறந்தான். வேப்ப மரத்தடியில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. முழங்கால் பெஞ்சில் மாட்டியிருந்ததால் முடியவில்லை.

மிஸ் அலமாரியிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது வேற காப்பி. இதுல உங்க கை படக் கூடாது. ஆனா கடசி நாலு பக்கம் பெத்தவங்களுக்கு. அதப் படிச்சீங்களா?"

"அதுல வட்டம் இல்லியே மிஸ். வட்டம் இருக்கற பக்கத்துக்குத்தான் நமக்கு ஆர்டர்."

"இன்னிக்கி அதுக்கு ஆர்டர் நான் குடுக்கறேன்."

வெளியே வரும்போது ஜெயசுதா அவன் காதில் சொன்னாள். "நான் கூட உன்ன ‘பூசணி’ன்னு கூப்ட்டு இருக்கேன், கல்யாணம் ஆன புதுசுல."

"தெரியும்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"நீ கூப்ட்டது வேற," என்றான் பிரிட்டோ. கொஞ்ச தூரம் நடந்து, "ஆனா மெதுவா கூப்ட்டு இருக்கலாம்," என்றான்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு அறிவிப்பு அடித்தான். ‘இங்கு மனசுப் புத்தகம் நிரப்பித் தரப்படாது.’ ஆள் மாற்றி ஆள் வந்ததால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் அதை லேமினேஷன் செய்து தொங்கவிட்டான். தொங்கவிட்ட கை இறங்குவதற்குள் ஆண்டாள் வந்து நின்றாள்.

"மிஸ் எல்லார் புக்கையும் திருப்பி அனுப்பிச்சிட்டாங்க பிரிட்டோ. எல்லா நாளும் சந்தோஷமா இருந்தா செல்லாதாம். ஒரு அஞ்சு சோகம், ரெண்டு கோவம் கலந்து போட்டுக் குடு."

"போர்டு பாக்கல?"

"பாத்தேன். அது மத்தவங்களுக்கு. சிங்காரவேலு புள்ளைக்கு எத்தன சோகம் போட்ட, அதச் சொல்லு மொதல்ல."

"யாருக்கும் போடல. உம்புள்ளய கேட்டு அதுவே எழுதட்டும்."

"கேக்கறதா? எப்டிக் கேக்கறது?" ஆண்டாள் உண்மையாகவே திகைத்துப் போனாள். "சாப்ட்டியான்னு கேப்பேன். வீட்டுப்பாடம் முடிச்சியான்னு கேப்பேன். மனசு எப்டிக்கீதுன்னு கேட்டா எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு இல்ல நெனச்சிக்கும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா இன்னா?" என்றான் பிரிட்டோ.

கொஞ்ச நேரத்தில் சுவேதாவும் கடைக்கு வந்தாள். தினமும் வருவதுதான். பையைக் கழற்றி வைத்துவிட்டு, லேமினேஷன் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்டிப் போட்ட பளபளப்பான துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நிலத்துப் பட்டாவுக்கு ஜெராக்ஸ் எடுக்க சிங்காரவேலு காத்திருந்தார். புத்தகத்தோடு ஆண்டாள் இன்னும் போகவில்லை. ஜெயசுதா பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா சுச்சாப்பு, பள்ளிக்கூடம் வுட்டாச்சா?" என்றார் சிங்காரவேலு.

சுவேதா துண்டுகளை நீளவாரியாக அடுக்கினாள். பிரிட்டோவின் வாய் பழக்கத்தில் சிரிக்கப் போனது. பாதியில் நின்றது.

"அவ பேரு சுவேதா, அண்ணே."

"எனக்குத் தெரியாதா? நீ வச்ச பேருதான இதுவும்!"

ஜெயசுதா டீயை ஆற்றிக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். அவன் புதுப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கங்களைப் பிரித்து, மகள் முன்னால் குந்தினான். தொண்டையைச் செருமினான். அச்சில் உள்ளதை அச்சில் உள்ளபடியே படித்தான்.

"‘இன்று உன் மனம் எவ்வாறு உள்ளது?’"

சுவேதா நிமிர்ந்து அவனை ஒரு தடவை பார்த்தாள். அப்பாவுக்கு ஜுரமோ என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"பதில் சொல்லும்மா. புக்குல கேக்கறாங்க."

"ம்ஹும்."

"ரைட்டு. அடுத்தது." பக்கத்தைத் திருப்பினான். "‘குழந்தை பேசவில்லை எனில் வற்புறுத்த வேண்டாம்.’ அய்யோ, இத மொதல்லயே போட்டிருக்கக் கூடாது? ‘பதினைந்து நிமிடம் இடம் மாறுங்கள். இப்போது குழந்தை பெரியவர், நீங்கள் சிறியவர். என்ன விளையாட்டு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். குழந்தை எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நில்லுங்கள்.’"

சுவேதாவின் கை துண்டுகளின் மேல் நின்றது.

"இன்னொரு வாட்டி படி," என்றாள்.

மூன்று வார்த்தை. ஜெயசுதா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். பிரிட்டோ படித்தான். இந்த முறை அச்சுத் தமிழ் கொஞ்சம் தடுமாறியது.

"எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கணுமா?"

"அப்டித்தான் போட்டிருக்குது."

சுவேதா எழுந்தாள். கஸ்டமர் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் ரோட்டைப் பார்த்துப் போட்டாள்.

"ஏறு."

"ஸ்டூலு தாங்குமாடா கண்ணு?"

"ஏறுப்பா."

ஏறினான். ஸ்டூலின் கால்கள் லேசாக விரிந்தன. சுவேதா கோந்து பாட்டிலை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இது மைக்கு. ஜெராக்ஸ் மெஷின்தான் ஹெச்.எம். ஆண்டாள் அத்தை, சிங்காரவேலு மாமா, நீங்க ரெண்டு பேரும் மொத வரிசை. அம்மா, நீ பின்னால போ. ஏரி பேச்சு சொல்லுப்பா."

"எந்தப் பேச்சு?"

"நீ எழுதினதுதான."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு." அவன் ஆண்டாளைப் பார்த்துக் கண்ணடித்தான். "நாமளே எழுதினது, நமக்கு வராதா?"

"இரு. போனு குடு."

சட்டைப் பையிலிருந்து போனைக் கொடுத்தான். போனைத் திறக்கும் பேட்டர்ன் அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவன் பிடிப்பது போலவே இருந்தது.

"ம். ஆரம்பி."

"மாண்புமிகு தலைமை ஆசிரியர் அவர்களே," என்று பிரிட்டோ ஜெராக்ஸ் மெஷினுக்கு வணக்கம் வைத்தான். ஆண்டாள் கைதட்டினாள். "மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, பாசமிகு பெற்றோர்களே, அன்பு மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு... கொண்டு... எங்கள் ஊர் ஏரி..."

ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் நாலு பேர் போகாமல் நின்றார்கள்.

"எங்கள் ஊர் ஏரி... வந்து... ஏரியானது..."

அதற்கு மேல் என்ன? ராத்திரி உட்கார்ந்து அவனே டைப் செய்ததுதான். ஏரியானது என்ன? ஊரின் கண்ணா, உயிரா? ஏதோ ஒன்று. கோந்து பாட்டில் உள்ளங்கையில் வழுக்கியது. ஸ்டூல் ஆடியது.

"இன்னா பிரிட்டோ?" சிங்காரவேலு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சுச்சு ஆப் ஆயிடுச்சா?"

ஆண்டாள் சிரித்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேரும், என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். பிரிட்டோவும் சேர்ந்து சிரிக்கத்தான் பார்த்தான். உதடு விரிந்தது, சத்தம் வரவில்லை. தெரிந்த முகங்கள்தான். தினமும் பார்க்கிற முகங்கள். ஸ்டூல் மேலிருந்து பார்த்தால் அந்த முகங்களில் பல் மட்டும்தான் தெரிந்தது.

"சிரிக்காதீங்க மாமா!"

போன் ஆடாமல் இருந்தது. அதன் பின்னாலிருந்து வந்த குரல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வரைக்கும் கேட்டது.

"எங்கப்பா யோசிக்கிறாரு. கொஞ்ச நேரம் குடுங்க."

சிங்காரவேலுவின் கை தொடையிலேயே நின்றது. ஆண்டாள் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள். ஜெயசுதாவின் டீ தம்ளர் சாய்ந்து, கையில் சூடாக வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

எல்லோரும் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். பஸ் கூட ஹாரன் அடிக்காமல் போயிற்று. அப்படியும் ஏரி வரவில்லை. பிரிட்டோ கோந்து பாட்டிலைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், கடைசியில் மகளைப் பார்த்தான்.

சுவேதா கட்டை விரலால் போனை அமுக்கி நிறுத்தினாள். எடுத்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஸ்டூல் பக்கத்தில் வந்து, தலையை அண்ணாந்து கேட்டாள்:

"ஸ்டேட்டஸ்ல போடட்டுமாப்பா?"